இல்லக் கல்வியும் ஏட்டுச் சான்றும்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கண்டியிலுள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தார். உடன் வந்த மகனுக்கு வயது ஒன்பது. இழுப்பு நோயினால் அச்சிறுவன் ஆண்டின் பெரும்பகுதியை வீட்டிலேயே கழிக்கின்றான். மழையும் பனியும் மிகுந்த மாதங்களில் மலைப்பாதை ஏறி இறங்கிப் பாடசாலை செல்லுதல் அவனால் இயலாததாயிற்று. தாயோ உயர்தர வகுப்பு வரை கற்றவர். தோட்டத்து முன்பள்ளியிற் சில காலம் ஆசிரியையாகவும் இருந்தவர். “ஐயா, இவனுக்கு நானே வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா? அது சட்டத்துக்குப் பிழையாகுமா? நாளைக்கு இவனைப் படிக்காதவன் என்று யாரும் சொல்லாமல் இருக்க நான் என்ன எழுதி வைக்க வேணும்?” என்று அவர் கேட்டார்.

இவ்வினாக்கள் அவ்வம்மையார்க்கு மட்டும் உரியன அல்ல. நோயுற்ற பிள்ளையை உடையோர், வகுப்பறையின் இரைச்சலைத் தாங்கமாட்டாத பிள்ளையை உடையோர், அயலிலே தமிழ்மொழிப் பாடசாலை இல்லாதோர் எனப் பலரும் இன்று இவற்றை வினவுகின்றனர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதிலும் வீடே வகுப்பறையாயிற்று. வீட்டிற் கற்பித்தல் இயலும் என்பதையும், அஃது எத்துணைக் கடினம் என்பதையும் பெற்றோர் ஒருங்கே உணர்ந்தனர். ஆதலின் இப்பொருள் பற்றிச் சிறிது ஆராய்தல் நன்று.

முதற்கண் சட்டத்தை நோக்குவோம். நம் நாட்டுக் கல்வியின் சட்ட அடிப்படை இன்றும் 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமே. அதன்கீழ்க் கட்டாயப் பாடசாலை வரவு பற்றிய ஒழுங்குவிதிகள் 1997 ஆம் ஆண்டு நவம்பரில் வர்த்தமானியில் வெளியாகி, 1998 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தன. ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றோரின் கடமை என்று அவை விதித்தன. 2016 ஆம் ஆண்டில் மேல் வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. வரவைக் கண்காணிக்கக் கிராம அலுவலர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழுக்களும் வகுக்கப்பட்டன.

இக்கடமைக்கு ஒரு விலக்கும் உண்டு. பிள்ளையின் கல்விக்குப் போதியதும் பொருத்தமானதுமான வேறு ஏற்பாட்டைப் பெற்றோர் செய்திருப்பின், பாடசாலைக்கு அனுப்பாமை குற்றமாகாது. ஆகவே அத்தாயின் முதலிரு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது. கற்பிக்கலாம், பிழையாகாது. எனினும், ‘போதியது’, ‘பொருத்தமானது’ என்னும் இரு சொற்களுக்கும் அளவுகோல் யாது? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கற்பித்தல் வேண்டும்? எவ்வெப் பாடங்கள்? யார் வந்து பார்ப்பர்? எந்த ஏட்டைக் காட்டுதல் வேண்டும்? விதி இவற்றை விரித்துரைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்த சட்டம் அப்பால் உள்ள பாதையைக் காட்டாமலே நின்றுவிட்டது.

பாதை தெளிவின்றிக் கிடப்பது சிலர்க்கு உரிமை போலத் தோன்றலாம். நம் முன்னோர் ஏடு காட்டியா கற்றனர் என்றும் அவர்கள் வினவலாம். உண்மையே. திண்ணையிலும் ஆசிரியர் இல்லத்திலும் வளர்ந்ததே நம் பழைய கல்வி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்ற உ. வே. சாமிநாதையர் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இன்றியே 1880 ஆம் ஆண்டிற் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்பதவியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராசச் செட்டியார் அவரது புலமையை அறிந்து பரிந்துரைத்தமையே அதற்குக் காரணமாயிற்று. அன்று சான்றோர் ஒருவரின் வாக்கே சான்றாயிருந்தது. இன்று சான்றோர் இருந்த இடத்திற் சான்றிதழ் இருக்கின்றது. இதனை நினைந்து வருந்தலாம். ஆயின் மறந்துவிடுதல் இயலாது.

மலையகத் தமிழராகிய நமக்கு இம்மறதி தகவே தகாது. ஏட்டுச் சான்று இன்மையால் ஒரு சமூகம் அடையக்கூடிய துன்பத்தை நம்மினும் நன்கறிந்தோர் யாவர்? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பை, அன்றேல் பாட்டன், பூட்டன் ஆகிய இருவரின் பிறப்பையும் இந்நாட்டினது என நிறுவக் கேட்டது. தோட்டத்து லயத்திற் பிறந்தவனுடைய பாட்டனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து கிடைக்கும்? அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர்க்கு ஏழு ஆண்டும் மணமாகாதவர்க்குப் பத்து ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததற்கு நிரூபணம் வேண்டிற்று. வியர்வை சிந்திய ஆண்டுகள் இருந்தன, காகிதம் இருக்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. அன்று என் இல்லத்துக்கு வந்த அத்தாயின் கையில் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி இருந்தது. மகனின் மருத்துவச் சிட்டைகளின் அடியில் அவருடைய பாட்டனாரின் விண்ணப்பப் பிரதியொன்று மடிப்புகள் கிழிந்த நிலையிற் கிடந்தது. “காகிதத்தின் அருமை எங்களுக்குத் தெரியும் ஐயா” என்றார் அவர்.

பிற நாடுகள் இப்பொருளை எவ்வாறு கையாள்கின்றன என்பதையும் காண்போம். இங்கிலாந்தின் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாடசாலை வழியாகவோ வேறு வகையாகவோ தக்க கல்வி அளித்தலைப் பெற்றோரின் கடமையாக்கியது. பாடசாலையில் இல்லாத பிள்ளைகளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் பதிவேடு வைத்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு, 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட சட்டமூலத்தில் இடம்பெற்றது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலோ பெற்றோர் முன்னறிவித்தல் கொடுத்து, பாடத்திட்டம் ஒன்றையும் ஆண்டுக்கு நான்கு அறிக்கைகளையும் சமர்ப்பிக்க வேண்டும். முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டில் 900 மணி நேரமும், அதற்கு மேல் 990 மணி நேரமும் கற்பித்தல் வேண்டும் என்ற கணக்கும் அங்குண்டு. ஜெர்மனி இல்லக் கல்வியை ஏறக்குறைய முற்றாக விலக்குகின்றது. அதனை எதிர்த்த பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது. இவற்றுள் எது சிறந்தது என்பதில் அறிஞர் வேறுபடலாம். ஆயினும் நியூயோர்க்கின் தாய்க்கும் ஜெர்மனியின் தாய்க்கும் தம் நிலை இன்னதென்று தெரியும். கலஹாவின் தாய்க்கு அது தெரியவில்லை.

நிற்க. இல்லக் கல்வியை ஆதரிப்போர் பதிவேட்டை அரசின் தலையீடு என வெறுப்பதுண்டு. நானும் ஒரு காலத்தில் இவ்விடயத்தை இலேசாகக் கருதியவனே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் கற்பித்த ஒரு பாடசாலையில் ஏழாம் தரத்து மாணவி ஒருத்தி தொடர்ந்து வராதிருந்தாள். தந்தையாரை விசாரித்தேன். “பிள்ளை வீட்டில் இருந்து படிக்குது ஐயா” என்றார். எவரிடம் கற்கிறாள் என்று கேட்டேனல்லேன். கொப்பியைக் காட்டுமாறு சொன்னேனுமல்லேன். வரவு இடாப்பில் அவள் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன். ஆறாண்டுகள் கழிந்தபின் அவள் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தாள். அவ்வாண்டுகளில் அவள் கற்றது கொழும்பில் ஒரு வீட்டின் அடுக்களையில் பாத்திரம் கழுவும் தொழில் ஒன்றையே. ஏழாம் தரம் என்று எழுதிய பத்திரத்தை வாங்கிக்கொண்டு, “நன்றி ஐயா” என்று சொல்லிச் சென்றாள். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

2021 ஆம் ஆண்டில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. எனினும் அதே ஆண்டு ஜூலையில், தலைநகரில் வீட்டுப் பணிக்கு அமர்த்தப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களுடன் இறந்த செய்தி நம்மை உலுக்கியது. ‘வீட்டிற் கற்கின்றாள்’ என்னும் சொற்றொடர் உண்மையான தாயின் உரிமைக்குக் கவசமாகலாம். பிள்ளையின் உழைப்பை விற்பவனுக்குத் திரையும் ஆகலாம். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவல்லது நாள்தோறும் எழுதப்பட்ட ஓர் ஏடே. ஆகவே பதிவேடு பெற்றோரை ஐயுறுவதற்கான கருவி அன்று; பிள்ளையின் சார்பில் நிற்கும் சாட்சி என்பதே என் துணிபு.

இனி, அத்தாயின் மூன்றாவது வினாவுக்கு யான் உரைத்த விடையை ஈண்டுத் தருகின்றேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதிகளை முதலிற் பெறுதல் வேண்டும். பின்னர், பிள்ளை எக்காரணத்தால் வீட்டிற் கற்கின்றான், யார் கற்பிக்கின்றார், எப்பாடங்கள் என்பவற்றை வலயக் கல்விப் பணிமனைக்கும் இறுதியாகக் கற்ற பாடசாலையின் அதிபர்க்கும் பதிவுத்தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டைப் பேணல் வேண்டும். கிராம அலுவலர்க்கும் ஒரு பிரதி கொடுத்தல் நன்று. வரவுக் குழு வினவும்போது அது துணையாகும். மருத்துவர் கடிதம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுதல் தகும்.

ஒரு தடித்த கொப்பியில் நாளும் நேரமும் பாடமும் குறித்தல் வேண்டும். நோயினாற் கற்பிக்காத நாளையும் மறையாது எழுதுதல் வேண்டும். நிறைந்த ஏட்டினும் நேர்மையான ஏடே நம்பத்தக்கது. தவணைக்கு ஒரு முறை கட்டுரை, கணக்கு, வரைபடம் ஆகியவற்றுள் சிலவற்றைத் திகதியிட்டுக் கட்டி வைக்க வேண்டும். வெளியார் ஆசிரியர் ஒருவர் அவற்றைப் பார்த்து ஒப்பமிட்டால் மேலும் சிறப்பு. பாடத்திட்டம் அரசாங்கப் பாடநூல்களைத் தழுவியதாயின், பிள்ளை மீண்டும் பாடசாலையிற் சேர நேரும்போது இடர்ப்படான். அயலார் பிள்ளைகளையும் திரட்டிக் கற்பிக்க முற்படுவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். தனியார் பாடசாலை தொடங்குதல் 1961 ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது.

பின்வரும் இழப்புகளையும் எண்ணிப் பார்த்தல் கடன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடசாலை வழியேதான் விண்ணப்பிக்கலாம். இலவசப் பாடநூலும் சீருடைத்துணியும் பாடசாலை வழியேதான் வரும். பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை மாணவர் அதிபர் மூலம் விண்ணப்பிப்பர். ஏனையோர் கிராம அலுவலரை நாடவேண்டும். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்றலாம். அப்பெறுபேறே இறுதியில் எல்லாரும் ஏற்கும் சான்று. ஆயினும் அதுவரை செல்லும் ஆண்டுகளுக்குச் சான்று தாயின் கொப்பியன்றி வேறில்லை. அக்கொப்பிக்கும் ஒரு பிரதி வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நேர்ந்த மண்சரிவுகளைக் கண்ட கண்டி மக்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

பெற்றோர் செய்யத்தக்கன இவை. அரசு செய்யத்தக்கது ஒன்றுண்டு. வேறு ஏற்பாடு என்று விதி கூறுவதற்குரிய அறிவித்தற் படிவம் ஒன்று, ஆண்டுக்கு இருமுறை ஓர் ஆசிரிய ஆலோசகர் வருகை, பிள்ளையின் முன்னேற்றத்தைக் குறிக்கும் ஒரு சிறு பதிவேடு ஆகிய மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டால் போதும். வருபவர் தண்டிக்க வருபவராக அன்றி, நூலொன்றைக் கையிற் கொண்டு உதவ வருபவராக இருத்தல் வேண்டும். அனைவர்க்கும் கல்வி வாய்ப்பைச் சமமாக உறுதிப்படுத்தல் அரசின் நெறி என்று 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கூறுகின்றது. படுக்கையிற் கிடந்து கற்கும் பிள்ளையும் அந்த ‘அனைவருள்’ ஒருவனன்றோ?

அன்று விடைபெறுமுன், நான் கொடுத்த புதிய கொப்பியின் முதற்பக்கத்தில் அச்சிறுவன் தன் பெயரையும் திகதியையும் எழுதினான். கீழே ஒப்பமிடுமாறு தாய் என்னை வேண்டினார். சிவப்பு மைப் பேனையை ஒதுக்கிவிட்டு, நீல மையில் ஒப்பமிட்டேன். தகரப்பெட்டியில் பாட்டனாரின் விண்ணப்பத்துக்கு மேல் அக்கொப்பியும் இடம்பெற்றது. பாட்டனார்க்கு உதவாத காகிதம் பேரனுக்கேனும் உதவுக.