வயது வந்தவர் காணாமல் போனால்: காரைக்காலின் எல்லையும் காவல் நிலையத்தின் இரண்டு கடிகாரங்களும்

காவல் நிலையத்துக்குச் சென்று "என் மகனைக் காணவில்லை" என்று சொல்லும் தலித் தாய் ஒருத்தி முதலில் கேட்கும் சொற்களை நாம் அனைவரும் அறிவோம். "எத்தனை வயது? இருபத்து மூன்றா? சின்னப் பிள்ளையா என்ன, வந்துவிடுவான். நாளைக்கு வாருங்கள்." மகளாக இருந்தால் இதே பதிலோடு ஓர் ஏளனமும் சேரும்: "யாரோடு போனாள் என்று விசாரித்தீர்களா?" காணாமல் போனவர் வயது வந்தவர் என்ற ஒரே காரணத்தைக் காட்டி முதல் நாள் கழிந்துவிடுகிறது. ஆள் உயிரோடு திரும்புவதும் பிணமாகத் திரும்புவதும் பெரும்பாலும் அந்த முதல் நாளிலேயே முடிவாகின்றன.

இருபத்து நான்கு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் புகார் பெற வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதிலும் எழுதப்படவில்லை. இருந்தும் அது சட்டத்தைவிட வலுவாக நிலவுகிறது. காணாமல் போனவர் குழந்தை என்றால் நிலைமை வேறு. 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' வழக்கில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குழந்தை காணாமல் போனால் அதைக் கடத்தல் அல்லது ஆள் வணிகம் என்றே முதலில் கருதி வழக்குப் பதிவு செய்ய வேண்டும். வயது வந்தவருக்கு அத்தகைய முன்னனுமானம் கிடையாது. அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று அனுமானிக்கும் பொறுப்பு நிலைய அதிகாரியின் மனத்தில் விடப்படுகிறது. அந்த மனத்தில் சாதி இருக்கிறது என்பதுதான் நம் கவலை.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை முருகேசன், கண்ணகி வழக்கை இங்கு மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கிறது. அதைச் சாதி ஆணவக் கொலை வழக்காகவே அனைவரும் பேசுகிறோம். நாம் அதைக் காவல் நிலையத்தின் வழக்காகவும் வாசிக்க விரும்புகிறோம். முருகேசன் வேதிப் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த பட்டதாரி. இருவரும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இருவரும் நஞ்சு புகட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள், உடல்கள் எரிக்கப்பட்டன. முருகேசனின் தந்தை விருத்தாசலம் காவல் நிலையத்துக்குச் சென்றார். சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். முதல் தகவல் அறிக்கை பதிவானது ஜூலை 17ஆம் நாள். அதுவும் செய்தி ஊடகங்களில் வெளிவந்த பிறகு. இடையில் ஒன்பது நாள்கள். ஊரறிய நடந்த ஒரு கொலை, காவல் நிலையத்தின் ஏட்டில் மட்டும் ஒன்பது நாள்கள் நடக்கவே இல்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் கொடியது. கண்ணகியை அவர் வீட்டாரும் முருகேசனை அவர் வீட்டாரும் தனித்தனியே கொன்றதாகக் கதை புனையப்பட்டு, மகனைப் பறிகொடுத்த தந்தையே குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். 2004இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியதால்தான் அந்தக் கதை உடைந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கொலையாளிகளோடு சேர்த்து, அப்போதைய ஆய்வாளரையும் உதவி ஆய்வாளரையும் தண்டித்தது. 2022 ஜூனில் உயர் நீதிமன்றமும், 2025 ஏப்ரல் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் காவலர்கள் இருவரின் குற்றத்தை உறுதிசெய்தன. புகார் பெறாத நிலையத்துக்குக் கணக்குத் தீர்க்க இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கோகுல்ராஜ் வழக்கும் ஒரு 'காணவில்லை' புகாரில்தான் தொடங்கியது. 2015 ஜூன் 23ஆம் நாள் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்ற தலித் பொறியியல் பட்டதாரி வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொடர்வண்டித் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. தற்கொலை என்று முடித்துவிடுவதற்கான அத்தனை ஏற்பாடுகளையும் கொலையாளிகள் செய்திருந்தார்கள்: தண்டவாளம், கைப்பட எழுதிய குறிப்பு, மிரட்டி எடுத்த காணொலி. குடும்பமும் இயக்கங்களும் உடலை வாங்க மறுத்து நின்றதால் வழக்கு கொலையாகவும் வன்கொடுமையாகவும் மாறியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைத் தண்டித்தது. நேரடிச் சாட்சி பிறழ்ந்த அந்த வழக்கைத் தாங்கி நின்றவற்றுள் முதன்மையானது கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்று பார்வையிட்டு, 2023 ஜூனில் தண்டனையை உறுதிசெய்தார்கள். கேமராப் பதிவுகள் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே அழிந்துபோகும் தன்மையுடையவை. "நாளைக்கு வாருங்கள்" என்ற சொல் எதை அழிக்கிறது என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி மறுபக்கம். இதே காவல் நிலையத்துக்கு ஆதிக்க சாதித் தந்தை ஒருவர் வந்து, இருபத்தொரு வயது மகளைக் காணவில்லை என்றும், சேரிப் பையன் ஒருவன் மீது ஐயமிருப்பதாகவும் சொன்னால் எந்தக் காத்திருப்பும் இல்லை. கைப்பேசிக் கோபுர விவரம் உடனே பெறப்படுகிறது. தனிப்படை புறப்படுகிறது. பையனின் பெற்றோர் நிலையத்தில் உட்கார வைக்கப்படுகிறார்கள். அண்ணன் தம்பிகள் அடிபடுகிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் சென்று ஜோடியை அழைத்துவருகிறார்கள். இங்கே தேடப்படும் பெண்ணும் வயது வந்தவர்தான் என்பது எவருக்கும் நினைவில் வருவதில்லை. தலித் இளைஞருக்கு வயது வந்துவிட்டது என்பதால் அவரைத் தேட வேண்டியதில்லை. ஆதிக்க சாதிப் பெண்ணுக்கு வயது வந்திருந்தாலும் அவரை மீட்டுத் தந்தே தீர வேண்டும். ஒரே சுவரில் மாட்டப்பட்ட இரண்டு கடிகாரங்கள் இவை.

உசிலம்பட்டிப் பகுதியின் விமலாதேவியை இந்த இரண்டாவது கடிகாரம் கொன்றது. தலித் இளைஞரை மணந்த அவரைப் பெற்றோரின் புகாரை அடுத்துத் தேடிக் கண்டுபிடித்த காவல் துறை, அவர் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரிடமே அனுப்பியது. 2014 அக்டோபரில் அவர் இறந்தார். உடல் அவசர அவசரமாக எரிக்கப்பட்டது. கணவர் தொடுத்த வழக்கில்தான் 2016 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுப்பு மணம் புரிவோரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதி திராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேர உதவி எண் இருக்க வேண்டும். இரண்டாண்டு கழித்து, 'சக்தி வாஹினி' வழக்கில் உச்ச நீதிமன்றமும் நாடு முழுவதற்கும் இதையொட்டிய நெறிமுறைகளை வகுத்தது.

இப்போது காரைக்காலுக்கு வருவோம். நான்கு புறத்தில் ஒன்று கடல், மற்றவை தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினால் தமிழகத்து வயல்கள், வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிச் சாலை. எந்தத் திசையில் சென்றாலும் அரை மணி நேரத்துக்குள் வேறொரு அரசின் காவல் எல்லை. 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த இந்தச் சிறு மாவட்டத்தில் காணாமல் போகும் ஒருவர், பெரும்பாலும் காணாமல் போன சிறிது நேரத்திலேயே புதுச்சேரிக் காவல் துறையின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பார். நெடுங்காட்டிலிருந்து திருப்பூர் ஆலைக்கோ கேரளக் கட்டட வேலைக்கோ போனவர், திருநள்ளாற்றுத் தெருவிலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறியவர் என்று யாராக இருந்தாலும் இதே நிலைதான். அவருடைய கைப்பேசி கடைசியாகப் பேசிய கோபுரம் தமிழ்நாட்டில் இருக்கும். ஓர் உடல் கிடைத்தால் அது நாகப்பட்டினத்து நிலையத்தின் சந்தேக மரணக் கோப்பில் அடையாளம் தெரியாத ஆணாகப் பதிவாகும். குடும்பமோ காரைக்கால் நிலைய வாசலில் நிற்கும். நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினி வலை இவ்விரு கோப்புகளையும் ஒப்பிட உதவும்தான். ஆனால் முதல் கோப்பே பதிவாகாத இடத்தில் கணினி எதை ஒப்பிடும்?

"எங்கள் எல்லையில் நடக்கவில்லை, நாகைக்குப் போங்கள்" என்பது காரைக்கால் போன்ற ஊருக்கென்றே செய்து வைத்த பதில். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதற்கு இடம் தரவில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும், 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று வழக்கத்தில் சொல்லப்படுவது அதுவே. பிடித்தறியத்தக்க குற்றம் வெளிப்படும் தகவலைப் பதிவு செய்வது கட்டாயம் என்று 2013 நவம்பரில் 'லலிதா குமாரி' வழக்கில் அரசியல் சாசன அமர்வு முன்பே சொல்லிவிட்டது. எனவே புகாரில் என்ன எழுதப்படுகிறது என்பது மிக முக்கியம். "மகனைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருக" என்று மட்டும் எழுதினால் அது வெறும் மனுவாகி ஒரு ரசீதோடு முடியலாம். மிரட்டல் இருந்ததா, யார் மீது ஐயம், அவர்கள் என்ன சாதி, காணாமல் போனவர் பட்டியல் சாதியினர் என்பதற்கான குறிப்பு, கடைசியாகப் பார்த்த இடம், அங்குள்ள கேமராக்கள் ஆகியவற்றை எழுத்தில் கொடுத்தால் அது கடத்தல் குற்றம் வெளிப்படும் தகவலாகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமானால் விசாரணை துணைக் கண்காணிப்பாளர் நிலைக்கு உயர்கிறது. அச்சட்டத்தின் 18அ பிரிவின்படி வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சமூகங்களைச் சாராத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. இந்த நான்காம் பிரிவைப் புகார் மனுவிலேயே குறிப்பிடுவது நல்லது. நிலையத்தில் குரல் உயர்த்துவதைவிட அது பயன்படும்.

நிலையம் மறுத்தால் மாவட்டத்தின் முதுநிலைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சல், அதன் பிறகு குற்றவியல் நடுவர். ஆள் எவரேனும் ஒருவரின் அடைப்பில் இருப்பதாக நம்ப இடமிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. காரைக்காலுக்கும் அதுவே உயர் நீதிமன்றம். காவல் துறைத் தலைமையைப் பார்க்க வேண்டுமென்றாலோ புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும். காரைக்கால்காரர் தம் சொந்த அரசைச் சந்திக்கத் தமிழ்நாட்டின் வழியே மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டும் என்பது தனிக் கொடுமை. அன்றாடக் கூலி இழந்து போகும் குடும்பத்துக்கு அது இரண்டு நாள் சோறு.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். வயது வந்த ஒருவருக்குக் காணாமல் போகும் உரிமையும் உண்டு. வன்முறையான கணவனிடமிருந்தும், கட்டாய மணத்திலிருந்தும், ஆணா பெண்ணா என்று வீட்டார் வகுத்த எல்லையிலிருந்தும் தப்பிச் செல்லும் ஒருவரைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பது காவல் துறையின் வேலையாகாது. அவர் உயிரோடு, தம் விருப்பத்தோடு இருக்கிறாரா என்று உறுதி செய்து, தேவைப்பட்டால் நடுவர் முன் வாக்குமூலம் பெற்று, அவர் சம்மதமில்லாமல் முகவரியைக் குடும்பத்துக்குத் தராமல் இருப்பதே முறை. தலித் குடும்பங்களும் தம் மகள் வேறு சாதியிலோ, தலித் சமூகத்துக்குள்ளேயே வேறு உட்சாதியிலோ துணை தேடியபோது இதே 'காணவில்லை' புகாரைக் கையிலெடுப்பதுண்டு. நமக்கு வேண்டிய உரிமையை நம் மகளுக்கு மறுத்துவிட்டுக் காவல் நிலைய வாசலில் நியாயம் பேச முடியாது. தேடுதல் விரைவாக இருக்க வேண்டும், ஒப்படைத்தல் கூடாது. இரண்டையும் சேர்த்தே நாம் கோருகிறோம்.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களின் விளைவாக, ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. அச்சட்டம் வந்தாலும் அது வாஞ்சூர் சோதனைச் சாவடியில் நின்றுவிடும். 2016 உத்தரவும் தமிழக அரசுக்கு இடப்பட்டதே. தமிழ்நாட்டு ஆதி திராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் இங்கே அதிகாரமில்லை. நாகூரில் வாழும் இணையருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நடந்தே போகக்கூடிய தொலைவிலுள்ள திருமலைராயன்பட்டினத்து இணையருக்குச் சட்டப்படி கிடைக்காது. புதுச்சேரி சட்டப்பேரவையில் நெடுங்காடு தனித் தொகுதி. அத்தொகுதியின் உறுப்பினராக வருபவர் எக்கட்சியினராயினும், சிறப்புப் பிரிவும், காணாமல் போனோர் புகார்களுக்கான எழுத்துப்பூர்வ நிலையாணையும், நாகை, மயிலாடுதுறை காவல் துறையுடன் எல்லைதாண்டிய கூட்டு ஏற்பாடும் காரைக்காலுக்கு வேண்டும் என்று அவையில் கேட்பதில் தடை எதுவும் இல்லை.

அதற்கு முன் மாணவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. கடந்த ஐந்தாண்டுகளில் காரைக்கால் மாவட்ட நிலையங்கள் ஒவ்வொன்றிலும் வந்த வயது வந்தோர் 'காணவில்லை' புகார்கள் எத்தனை, புகார் வந்த நாளும் நேரமும் எவை, முதல் தகவல் அறிக்கை பதிவான நாளும் நேரமும் எவை, காணாமல் போனவர் பட்டியல் சாதியினரா, கண்டுபிடிக்கப்பட்டவர் யாரிடம் அனுப்பப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எத்தனை வழக்குகளில் சேர்க்கப்பட்டது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பெயர் விவரங்கள் இல்லாமல், மாவட்டக் காவல் அலுவலகத்தில் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும்; தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இரண்டு நேரங்களுக்கும் இடையிலுள்ள தொலைவை நிலையம் வாரியாக, சாதி வாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம்.