காப்பீட்டு விலக்குக்கு இன்னொரு நிபந்தனை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை, அதாவது வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும் ஏற்பாட்டை, கட்டாயமாக்குகிறது. அதே பிரிவு, தனி நிதியம் வைத்துப் பராமரிக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இதிலிருந்து விலக்களிக்கவும் இடம் தருகிறது. இழப்பீடு வழங்காத கழகத்தின் பேருந்தை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்த செய்தி தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதல்ல. விலக்கு தொடரலாம், ஆனால் பின்னோக்கி இயக்குவதில் ஒழுங்கும் அதற்கு நிபந்தனையாக வேண்டும்.

பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரு ஓரங்களையே காட்டுவதால், வண்டிக்கு நேர் பின்னே நிற்கும் சிறுவனோ குனிந்து மூட்டை தூக்கும் பயணியோ ஓட்டுநரின் கண்ணில் படுவதில்லை. இந்தக் குறையை நெடுங்காலம் ஈடுசெய்துவந்தவர், இறங்கி நின்று விசில் கொடுக்கும் நடத்துநர்தான். 2018இல் நடத்துநர் இல்லாப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது பயணச்சீட்டு வழங்க மாற்று வழி காணப்பட்டது. சீட்டுக் கிழிப்பது மட்டுமே நடத்துநரின் வேலை என்று எண்ணியவர்கள் வகுத்த ஏற்பாடு போலும்.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே பின்னோக்கி வந்த வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னர் தமிழக அரசு, பள்ளிப் பேருந்துகளுக்கான 2012ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளைத் திருத்தி, கேமராக்களையும், அருகில் ஆளோ பொருளோ இருந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் சென்சார் கருவியையும் கட்டாயமாக்கியது. நல்ல விதிதான், ஆனால் அது பள்ளிப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது. இலவசப் பயண அட்டையுடன் மாணவர்கள் ஏறும் அரசுப் பேருந்தை அது கட்டுப்படுத்துவதில்லை. பள்ளி நிர்வாகங்களிடம் கண்டிப்புடன் கேட்பதை அரசு தன் வண்டிகளிடம் கேட்காமலிருக்கச் செலவைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். அந்தச் செலவோ உயிரிழப்புக்குத் தரும் ஒரு இழப்பீட்டின் முன் அற்பமானது.

விலக்கை நீக்கிவிட்டால் காப்பீட்டு நிறுவனங்களே ஒழுங்கைக் கொண்டுவந்துவிடும் என்ற வாதம் எடுபடாது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் பிரீமியத்தை மத்திய அரசே வாகன வகையையும் இருக்கைகளையும் வைத்து அறிவிக்கிறது. கேமரா பொருத்திய பேருந்துக்கும் பொருத்தாததற்கும் அதில் வேறுபாடில்லை. எனினும் 2022ஆம் ஆண்டு அறிவிப்பு மின்வாகனங்களுக்கும் கல்வி நிறுவனப் பேருந்துகளுக்கும் 15 சதவீதத் தள்ளுபடி தந்திருப்பதால், சலுகை என்பது இந்த முறைக்கு அந்நியமானதல்ல. பின்புறக் கேமராவும் எச்சரிக்கை ஒலியும் உள்ள தனியார் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அத்தகைய தள்ளுபடியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.

மாநில அரசு செய்ய வேண்டியது இதைவிட எளிது: பணிமனையிலும் பேருந்து நிலையத்திலும் கீழே நின்று வழிகாட்ட ஆளின்றி எந்த வண்டியும் பின்னால் நகரக் கூடாதென ஆணையிட்டு, நடத்துநர் இல்லாப் பேருந்துகளுக்கு அந்தப் பொறுப்பை நிலையப் பணியாளரிடம் ஒப்படைத்து, இனிக் கட்டும் நிலையங்களில் பேருந்துகள் பின்னால் எடுக்காமலே வெளியேறும்படி நிறுத்தமிடங்களை அமைக்க வேண்டும்.