மின்சூளின் ஒளியும் ஆயுளும்

சூள் என்னும் சொல் தீப்பந்தத்தையும் குறிக்கும். ஆணையிட்டுரைக்கும் வாக்கையும் குறிக்கும். 'டோர்ச்' என்பதனை மின்சூள் என வழங்கும் இலங்கைப் பாடநூல்கள் முதற்பொருளையே கருதின. ஆயினும் பதுளைக் கடைவீதியில் விற்கப்படும் கையடக்க எல்.ஈ.டி. விளக்குகளைக் காணுந்தோறும் இரண்டாம் பொருளே என் நெஞ்சில் முந்துகின்றது. பெட்டியின்மேல் அச்சிட்ட பேரெண், விற்போர் செய்யும் சூளுரை அன்றோ?

அவ்வெண் பெரும்பாலும் லூமன் கணக்கு. விளக்கு சொரியும் ஒளி முழுவதின் தொகை அது. அவ்வொளி ஒருதிசையில் எத்துணைச் செறிந்து செல்லும் என்பதைக் கண்டெலா என்னும் வேறோர் அளவே கூறும். அமெரிக்காவில் 2009இல் வகுத்த எஃப்.எல்.1 என்னும் அளவுநெறி, முழுநிலவின் வெளிச்சத்தை ஒத்த கால் லக்ஸாக ஒளி மெலியும் இடத்தையே அதன் எட்டுதூரமாகக் கொள்ளும். 400 கண்டெலா 40 மீட்டர் எட்டும். 80 மீட்டர் எட்டுதற்கோ 1,600 வேண்டும். எரிநேரக் கணக்கும் நோக்கத்தக்கது. தொடக்க ஒளி பத்திலொரு பங்காகக் குன்றும்வரை உள்ள காலம் முழுவதையும் அந்நெறி எரிநேரம் என்றே எண்ணும். ஆறு மணி என்று எழுதியிருப்பின், அவற்றுள் எத்தனை மணி மங்கலில் கழியுமோ!

இனி, எட்டுதூரம் மிகுந்ததே நன்று என்பதையும் யான் உடன்படேன். ஹப்புத்தளை மூடுபனியிற் கூரிய ஒளிக்கற்றை நீர்த்துளிகளிற் பட்டு மீண்டு, பிடித்தவர் கண்ணையே கூசச் செய்யும். லயத்துப் படிக்கட்டில் இறங்குவோர்க்குக் காலடியிற் பரந்து விழும் மென்னொளியே துணை.

எல்.ஈ.டி. பல்லாயிரம் மணி எரியும் என்பது மெய்யே. கெடுவது அதுவன்று. ஆளி தளரும், மின்னேற்றும் துளையில் ஈரம் புகும், ஈயஅமில மின்கலத்தை வெறுமையாக்கிப் பலநாள் வைத்தால் அது மீளாது. வெப்பத்தைக் கடத்தாத பிளாத்திக்கு உடலில் ஒளியும் விரைந்து குன்றும். பழைய இழைக்குமிழ் மஞ்சளித்து மங்கித் தன் முடிவை முன்னறிவித்தது. ஒளியைச் சீராகக் காக்கும் மின்சுற்றுடைய புதுவிளக்குகளுட் சில, சொல்லாமற் கொள்ளாமல் அணைந்துவிடுகின்றன. நடுவழியில் அஃது எத்துணைத் துன்பம்!

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தன. மலைச்சரிவுகளில் வாழ்வோர் அதனை மறந்திலர். மழையிரவில் எச்சரிக்கை வரின், கைக்குழந்தையோடும் முதியோரோடும் பாதுகாப்பான இடம் தேடி நடக்க வேண்டும். அப்போது மின்சாரமும் இருக்குமென்பதற்கு உறுதியில்லை. நாட்கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய விளக்கு அன்று எரியாவிடின், அதனைப் பண்டம் என்று எங்ஙனம் சொல்வது?

ஆதலின் எரிநேரத்தையும், எந்த ஒளியளவில் அந்நேரம் என்பதையும் பெட்டியின்மேல் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்குமாறு விற்போரைச் சட்டம் கட்டாயப்படுத்தல் வேண்டும். அதுகாறும் தோட்டப் பாடசாலை ஆசிரியன்மார் ஒன்று செய்யலாம். மின்னேற்றிய விளக்குகள் இரண்டை இருளறையிற் சுவர்நோக்கி எரியவிட்டு, அரைமணிக்கொருமுறை மாணாக்கரை ஒப்புநோக்கிக் குறிக்கச் செய்க. பின்னர் இடுப்பளவு உயரத்திலிருந்து வீழ்த்துக; நனைவு தாங்கும் என விற்றதாயின் நீரும் தெளிக்க. குறிப்பேட்டைப் பெற்றோர் கூட்டத்தில் உரக்கப் படிக்கலாம்.