டெஸ்டிங் வேலைதானே என்று நினைக்காதீர்கள்!

"டெஸ்டிங்லயா இருக்கான்? டெவலப்மென்ட் கிடைக்கலையா?"

ஐ.டி. வேலையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் உறவினர்கள் சர்வ சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. கேட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளைகளே 'நாம பார்க்கறது ரெண்டாந்தர வேலையோ' என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு ஒரு ராக்கெட் கதை. 1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் 'ஏரியன் 5' ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில் பாதை மாறி வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 4 செயற்கைக்கோள்களும் போயின.

காரணம்? முந்தைய ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய சாஃப்ட்வேரின் ஒரு பகுதியை இதிலும் அப்படியே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதையொட்டிய ஓர் எண், ஒதுக்கிய இடத்தில் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. வழிகாட்டும் கம்ப்யூட்டர் நின்றுபோனது. மாற்றாக வைத்திருந்த இன்னொன்றிலும் அதே சாஃப்ட்வேர்தான் என்பதால் அதுவும் நின்றது. புதிய பாதையின் கணக்கைக் கொடுத்துத் தரையிலேயே சோதித்திருந்தால் இந்தப் பிழை தெரிந்திருக்கும் என்றது விசாரணைக் குழு.

'பழசுல நல்லாத்தானே ஓடுச்சு' என்று எல்லா ப்ராஜெக்ட்டிலும் யாராவது சொல்வார்கள். அப்போது 'புது இடத்துல ஓடுமா?' என்று கேட்க வேண்டியவர் டெஸ்டர். அப்படிக் கேட்பவராக வளர, சில பழக்கங்கள் கைகொடுக்கும்.

எல்லையில் சோதியுங்கள். '18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்' என்று ஓர் ஆப் இருந்தால், 25 என்று போட்டு 'பாஸ்' சொல்ல யாராலும் முடியும். 17, 18, பூஜ்யம், காலிப் பெட்டி, பிப்ரவரி 29-ல் பிறந்தவர்... பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிழையை முழுசாக எழுதுங்கள். 'லாகின் வேலை செய்யவில்லை' என்று எழுதினால், 'என் சிஸ்டத்துல வேலை செய்யுதே' என்பார் டெவலப்பர். எந்த போன், என்ன டைப் செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்? இந்த நான்கும் இருந்தால் வாக்குவாதத்துக்கு வேலையில்லை.

ஆரம்பத்திலேயே கேளுங்கள். நம் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'லாஸ்ட் நேம்' பெட்டி ஓரெழுத்தை ஏற்காவிட்டால் அவர் என்ன செய்வார்? இதை ரெக்கொயர்மென்ட் மீட்டிங்கிலேயே கேட்டால் ஒரு வரித் திருத்தம். ரிலீஸான பிறகு கேட்டால் டேட்டாபேஸ் வரை கைவைக்க வேண்டியிருக்கும்.

செலினியம், பிளேரைட் போன்ற ஆட்டோமேஷன் கருவிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். சோதித்ததையே திரும்பத் திரும்பச் சோதிக்கும் அலுப்பை அவை குறைக்கும். ஆனால் இந்த இனிஷியல் கேள்வி உங்களுக்குத் தோன்றினால்தான் கருவியும் அதைச் சோதிக்கும்.

கடைசியாக, மிகக் கஷ்டமான கட்டம். ரிலீஸ் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுவது டெஸ்டிங் நாட்களைத்தான். '5 நாள் வேலையை 2 நாளில் முடி' என்பார்கள். தலையாட்டிவிட்டு ராத்திரியெல்லாம் கண்விழிக்காதீர்கள், கோபப்படவும் வேண்டாம். இரண்டு நாளில் எதைச் சோதிக்க முடியும், எது விட்டுப்போகும், அதனால் வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு வரலாம் என்று பத்து வரியில் மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். முடிவு அவருடையது. ஆனால் விவரம் தெரியாமல் அவர் முடிவெடுக்கக் கூடாது. இப்படி எழுதத் தெரிந்தவரைத்தான் நாளை டெஸ்ட் லீட் ஆக்கத் தோன்றும்.

இந்த வாரமே ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் கடைசியாக எழுதிய பக் ரிப்போர்ட்டை, அந்தப் பகுதியில் வேலை பார்க்காத சக ஊழியர் ஒருவரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவரால் அதே பிழையை வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த ரிப்போர்ட்டில் அதைச் சரிசெய்யுங்கள்.