ஒட்டகத்தைக் கட்டிவிட்டீர்களா?

 

சென்ற இதழில் இப்பகுதியில் எனது மோட்டார் சைக்கிள் பயணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர் நீண்டதொரு மடல் விடுத்துள்ளார். அவருடைய கணவர் சவூதியில் பணிபுரிகின்றார். பத்தொன்பது வயது மகன் மோட்டார் சைக்கிள் கேட்டு நாள்தோறும் நச்சரிக்கின்றான். "உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கின்றான். ஏதாவது நேர்ந்துவிடுமே என்று நான் அஞ்சினால், 'எல்லாவற்றையும் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், உம்மா' என்கின்றான். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?" என்று கேட்டுள்ளார்.

அந்தச் சகோதரியின் மடல் என்னை வெட்கமுறச் செய்தது. பயணத்தின் இனிமையை எழுதிய நான், அதன் கசப்பை எழுதாமல் விட்டுவிட்டேன். இம்மாதம் அதனை எழுதிவிடுகின்றேன்.

எனக்கு மிகவும் பிடித்த சாலைகள் இரண்டு. ஒன்று, இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வழியாகத் தனுஷ்கோடி செல்லும் சாலை. 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் மீது ஏறும்போது, இருபுறமும் கடல் விரிந்து கிடக்கும். பக்கத்திலே 2025ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலம் தெரியும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிக்கு நெடுங்காலம் மணலில்தான் வழி இருந்தது. 2017ஆம் ஆண்டுதான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதன் முடிவிலே நின்று பார்த்தால், மனிதன் எத்துணைச் சிறியவன் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

மற்றொன்று, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலை. நாற்பது கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காற்றின் குளிர்ச்சி ஒரு படி கூடும். ஒன்பதாவது வளைவருகே பாறைகளின் மீது வரையாடுகள் அச்சமின்றி நின்றுகொண்டிருக்கும்.

இவ்விரு சாலைகளும் எனக்கு இன்பம் அளித்தன. இரண்டும் சேர்ந்தே ஒரு பாடத்தையும் புகட்டின.

கடற்கரைச் சாலையின் காற்றிலே உப்பு இருக்கின்றது. அது கண்ணுக்குத் தெரியாமல் வண்டியின் மின் இணைப்புகளில் படிந்து, செம்பை அரிக்கின்றது. அரித்த இடத்தில் பச்சையும் வெண்மையுமாகப் பொடி பூக்கும். மின்சாரம் அந்த இடத்தைத் தாண்டிச் செல்லத் திணறும். விளக்கு மங்கும், ஹார்ன் கம்மும், ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பாது. நாமோ பேட்டரியைக் குறை கூறிப் புதிய பேட்டரி வாங்குவோம். இரண்டே மாதத்தில் அதுவும் படுத்துவிடும். குற்றம் பேட்டரியில் இல்லை. வண்டிச் சட்டத்தோடு இணையும் எர்த் ஒயரின் முனையில் இருக்கும். என் பழைய 350 சி.சி. வண்டிக்கு இப்படி மூன்று பேட்டரிகள் வாங்கிய பிறகே இந்த உண்மை எனக்கு எட்டியது.

இது பணத்தோடு போன கதை. உயிரோடு விளையாடிய கதை வேறு.

1998ஆம் ஆண்டு நண்பர் ஒருவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு வால்பாறைக்குச் சென்றேன். ஏறும்போதே இரண்டு முறை பியூஸ் போயிற்று. கைவசமிருந்த இரண்டு பியூஸ்களையும் போட்டுத் தீர்த்துவிட்டேன். மாலையில் இறங்கத் தொடங்கியபோது மூன்றாவது முறையும் போயிற்று. வழியிலிருந்த தேநீர்க் கடையில் ஒருவர் வழி காட்டினார். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி, எரிந்த பியூஸின் மீது சுற்றிச் செருகினோம். விளக்கு எரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! வேலை முடிந்தது" என்று புறப்பட்டேன்.

பியூஸ் என்பது என்ன? அளவுக்கு மீறி மின்சாரம் பாயும்போது தான் உருகி, வண்டியைக் காப்பாற்றும் காவற்காரன். அவன் மூன்று முறை எச்சரித்தான். நானோ அவனைத் தூக்கியெறிந்துவிட்டு, எதற்கும் உருகாத ஒருவனை அவ்விடத்தில் அமர்த்தினேன். ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில், திருப்பித் திருப்பி உரசி உறை கிழிந்துபோன ஒயர் ஒன்று, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுதான் மூல நோய். அதனை நான் தேடவே இல்லை.

ஏழெட்டு வளைவுகள் இறங்கியிருப்போம். பெட்ரோல் டாங்கிக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. ரப்பர் கருகும் நாற்றம். பெட்ரோலுக்கு ஒரு சாண் கீழே ஒயர்கள் எரிகின்றன! எப்படி நிறுத்தினேன், எப்படிப் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன் என்பது இன்றும் நினைவில்லை. உள்ளங்கையில் வெந்த தழும்பு மட்டும் இருக்கின்றது. யானைகள் நடமாடும் அந்தச் சாலையோரத்தில், கும்மிருட்டில், மஃரிபைத் தொழுதுவிட்டு இருவரும் நின்றோம். தேயிலை ஏற்றிவந்த லாரி ஒன்று எங்களையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு இறங்கியது. அந்த ஓட்டுநருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

இத்தனைக்குப் பிறகும் நான் முழுமையாகத் திருந்தவில்லை என்பதே வேதனை. வண்டியில் கற்ற பாடத்தைப் படகுக்குப் பொருத்திப் பார்க்கும் அறிவு எனக்கு அன்று இல்லை.

2004ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். கீழக்கரையில் மச்சானுடைய வீட்டில் கூடியிருந்தோம். மச்சானிடம் பைபர் படகு ஒன்று இருந்தது. பின்புறம் மாட்டும் எஞ்சின். பிள்ளைகள் கடலுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். "மோட்டார் சைக்கிள் எஞ்சினையே அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுபவன் நான், இது எம்மாத்திரம்?" என்று நானே படகை எடுத்தேன். ஐந்து பேர் அமரவேண்டிய படகில் பிள்ளைகள் அறுவரோடு சேர்ந்து ஒன்பது பேர் ஏறினோம். உயிர்காப்பு மேலங்கி ஒன்றுகூட இல்லை. "கரைக்குப் பக்கத்தில்தானே!" என்பது எங்கள் வாதம்.

கரையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றதும் எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். எங்கள் கரை தெற்கு நோக்கிய கரை. அது வாடைக்காற்று வீசும் மாதம். காற்று எங்களைக் கரையிலிருந்து மெல்ல மெல்லக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே சென்றது. அவ்வேளையில் யாரோ ஒரு பிள்ளை, "அதோ, ஓங்கில்!" என்று கத்தியது. அத்தனை பிள்ளைகளும் எழுந்து ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. தங்கையின் ஏழு வயது மகள் நீரில் விழுந்தாள்.

என் மூத்த மகன் குப்புறப் படுத்து அவளுடைய சட்டையைப் பற்றினான். அது கிழிந்து கையோடு வந்தது. நான் குதித்தேன். அலை அவளைத் தள்ளிச் சென்றது. படகிலிருந்த மூன்றாமவர் காலியாகக் கிடந்த மண்ணெண்ணெய்க் கேன் ஒன்றை எறிந்தார். அந்தப் பிள்ளை அதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேன் அன்று அங்கே கிடந்ததே, அது எங்கள் திட்டமா? இல்லவே இல்லை. முற்றிலும் அல்லாஹ்வின் ரஹ்மத்.

வல்லத்தில் சென்ற மீனவர் ஒருவர் எங்கள் கூச்சல் கேட்டு அணைந்து வந்தார். எங்கள் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தார். அதன் மூடியின் மீது காற்றுப் போவதற்கென்று சிறு திருகு ஒன்று உண்டு. அதனைத் திறக்காமல் ஓட்டினால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்றுக்கு வழியின்றிப் போகும். எண்ணெய் எஞ்சினுக்கு இறங்காது. அவர் இரண்டு விரலால் அதனைத் திருகினார். எஞ்சின் கிளம்பிவிட்டது. "பாய், கடலுக்கு வந்தால் முதலில் இதைப் பார்க்கவேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட தொனியில் கோபம் இல்லை. அதனாலேயே இன்றளவும் சுடுகின்றது.

கரையில் நின்ற என் தங்கை, ஈரத்தோடு நடுங்கிய மகளை வாங்கி அணைத்துக்கொண்டாள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்று திருமணமாகி, அவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல என் தங்கை இன்றும் என்னிடம் விடுவதில்லை. அவள் செய்வது சரியே.

எங்களைக் காத்த ரஹ்மத்தை எண்ணி நன்றி செலுத்தும் அதே வேளையில், திரும்பி வராதவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போயின. 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், ஞாயிறு இரவு, கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள்; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் பலர். மீன்பிடிப் படகை மாற்றியமைத்து, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற படகு அது. அவர்களும் விடுமுறை நாளில் பிள்ளைகளை மகிழ்விக்கச் சென்றவர்களே.

இனி, அந்தச் சகோதரியின் மகனுக்கு வருகின்றேன். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் தம்பியே! நீ சொல்வது ஈமானின் சொல். ஆனால் அதனை எந்த இடத்தில் சொல்லவேண்டும் என்பதையும் நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கின்றது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவதா, கட்டாமல் விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் அதனைக் கட்டுமாறும், அதன் பிறகு தவக்குல் வைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். திர்மிதீ நூலில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள செய்தி இது. வெள்ளித்தாள் சுற்றிய பியூஸோடு மலை இறங்கியவன் தவக்குல் வைத்தவன் அல்லன். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டவன். அன்றைக்கு நான் அதுதான்.

திருக்குர்ஆனின் 43ஆவது அத்தியாயம், நாம் ஏறிச் செல்லும் கப்பலையும் கால்நடையையும் ஒருசேரக் குறிப்பிட்டு, அவற்றில் அமரும்போது ஓதவேண்டிய துஆவைக் கற்றுத் தருகின்றது. அவற்றை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதும், நம் இறைவனிடமே திரும்பிச் செல்லப் போகின்றோம் என்று நினைவுகூர்வதும் அதன் கருத்து. இந்த இரண்டையும் மனமார உணர்ந்து ஓதுகின்றவன் ஆக்ஸிலேட்டரை முறுக்குவானா?

சகோதரியே! வண்டி வாங்கிக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் வீட்டு மஷூரா; உங்கள் கணவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். வாங்கிக் கொடுப்பதானால், சாவியோடு இந்தக் கயிறுகளையும் கையில் கொடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் கைக்கு வரும் வரை வண்டி வீட்டுக்கு வரவேண்டாம். ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம், வாரை இறுக்கிப் பூட்டியதாக இருக்கட்டும். பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம் என்பது சட்டம். பெருநாளன்று நால்வராகச் செல்லும் வழக்கத்தை நம் மஹல்லாக்கள் கைவிடவேண்டும். பின்னால் அமரும் பெண்கள் பர்தாவையும் துப்பட்டாவையும் ஒடுக்கி மடியில் செருகிக்கொண்ட பிறகே வண்டி நகரவேண்டும். தொங்கும் துணியைச் சக்கரம் இழுத்தால் கழுத்தையும் சேர்த்தே இழுக்கும்.

வெளிச்சம் வேண்டுமென்று கூடுதல் விளக்குகளை மாட்ட விடாதீர்கள். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் ஹெட்லைட் ஒன்றே 5 ஆம்பியர் எடுக்கும். 55 வாட் விளக்குகள் இரண்டைச் சேர்த்தால் மேலும் 9 ஆம்பியருக்கு மேல் போகும். சிறு வண்டி அதனைத் தாங்காது.

மாதம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலையில், மகனே பேட்டரி முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவட்டும். சிறியதொரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சினைச் சற்று முறுக்கி ஓடவிட்டால் 13.5க்கும் 14.5க்கும் இடையிலும் காட்டினால் நலம். 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கின்றது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் செல்லவேண்டும். பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போடவேண்டும். மீண்டும் போனால் காரணத்தைக் கண்டறியும் வரை வண்டி நிற்கவேண்டும்.

படகுக்கும் இதுவே நியதி. ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கி இல்லையென்றால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் ஏறவேண்டாம். கரையில் அழும் பிள்ளையைத் தேற்றிவிடலாம்.

தன் கையால் ஒயரைத் துடைத்துப் பழகிய பிள்ளை வண்டியின் மதிப்பை அறிவான். அது தனக்கு வழங்கப்பட்ட அமானிதம் என்பதையும், தன் உயிர் அதனினும் பெரிய அமானிதம் என்பதையும் மெல்ல அறிந்துகொள்வான். அதன் பிறகு "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று அவன் சொன்னால், சகோதரியே, நீங்களும் மனநிறைவோடு "ஆமீன்" சொல்லி அனுப்பலாம்.

சாலையிலும் கடலிலும் செல்லும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.