கரும்பலகையை வாய்விட்டுப் படியுங்கள்

"இதையும் இதையும் கூட்டினா இது வரும்." கணக்கு வகுப்பில் தினமும் கேட்கும் வாக்கியம்தான். பார்வையற்ற மாணவருக்கு அதில் கிடைப்பது சாக்பீஸ் உரசும் ஓசை மட்டுமே. எழுதும்போதே எண்களை வாய்விட்டுச் சொன்னால் அவரும் பாடத்துக்குள் வந்துவிடுவார். இதற்குப் பைசா செலவில்லை, அரசாணையும் வேண்டாம்.

செலவு பிடிக்கும் காரியங்களும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லோரோடும் சேர்ந்து படிப்பதை உரிமையாக்கியது. 18 வயது வரை புத்தகங்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆனால், அச்சில் ஒரே புத்தகமாக இருப்பது பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாகும். அச்சிடக் காலம் பிடிக்கும். பள்ளி திறந்த பிறகு அந்த வேலையைத் தொடங்கினால், பக்கத்து இருக்கைப் பிள்ளை மூன்றாம் பாடம் படிக்கையில் இந்தப் பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். இது அநியாயம்.

பிரெயில் சொல்லித்தர வேண்டிய சிறப்புப் பயிற்றுநர்களோ தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். ஆறு புள்ளிகளை விரல்நுனிக்குப் பழக்குவது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. எப்போதாவது வந்து போகிறவரால் அது ஆகாது. அவர்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும். பிரெயில் நூல்கள் ஜூன் முதல் நாளே மாணவர் கைக்கு வர வேண்டும். "இந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி" என்று சேர்க்கையின்போதே பெற்றோரைத் திருப்பி அனுப்பும் தலைமையாசிரியர்களிடம் கல்வித்துறை விளக்கம் கேட்க வேண்டும்.