ஜெட்டின் மேல் பழி

"கதை எழுதுகிறவருக்குக் கார்புரேட்டரில் என்ன வேலை?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் வலியப் போய் இதில் தலையிடவில்லை. என் அக்காள் மகன் கொல்லிமலைப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலின் பக்கத்தில் நாலைந்து நாள் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு காரணத்தையும் கொண்டுவந்தார்கள். "ஜெட் சரியில்லை, சார்!" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஜெட் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதன் சார்பில் வாதாட யாராவது வேண்டாமா?

வண்டி 1990களில் செய்த 100 சி.சி. டூ-ஸ்ட்ரோக். பையன் அதை வாங்கி, காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்று உருமாற்றினான். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்கள் வந்தன; முன்பக்கம் உயர்ந்தது; புதுச் சைலன்ஸர் ஏறியது. காற்றை வடிகட்டும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டரின் வாயில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைச் செருகினான். ஆயில் பம்பையும் கழற்றிவிட்டு, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் பழைய முறைக்குப் போனான். கம்பெனி செய்தபடி இல்லாமல் இப்படி வண்டியை மாற்றிப் பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். அதை அவனிடம் சொன்னேன். அது வேறு வழக்கு. இப்போது ஜெட்டின் வழக்கைப் பார்ப்போம்.

உருமாற்றிய சில வாரத்தில் வண்டிக்கு நோய் கண்டது. ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்தால் தயங்கும். முழுக்க விட்டுவிட்டாலும் இரைச்சல் உடனே அடங்காமல், சற்று நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுத்தான் இறங்கும். ஒரு பட்டறையில், "காற்று அதிகம் வருகிறது, பெரிய ஜெட் போடு" என்றார்கள். போட்டான். இன்னொரு பட்டறையில் அதைவிடப் பெரியது. ஒரு நண்பன் ஊசியைத் தூக்கி வைத்தான். பெட்ரோல் செலவைப் பார்த்துப் பதறிய என் அத்தான், "எதற்கடா இவ்வளவு பெரிசு? சின்னதாகப் போடு" என்றார். அதையும் செய்தான். மூன்று மாதத்தில் ஐந்து ஜெட். கார்புரேட்டரில் எங்கே கோளாறு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முறுக்கிக்கொண்டே ஏறியிருக்கிறான். சூடு தணியுமுன் இறக்கத்தில் திரும்பினான். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்க, கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்ற, ஏதோ ஒரு வளைவில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் கல்லாகிவிட்டது. அந்த நொடியில் கிளட்சைப் பிடித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும். அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜெட் நம்பர் மட்டும் ஐந்து பேர் சொல்லித் தந்திருந்தார்கள்.

கார்புரேட்டர் என்பது மாய மந்திரம் அல்ல. கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் திரவம் மேலே ஏறித் துளியாகச் சிதறுகிறது. 1893-இல் ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் கார்புரேட்டருக்கு உரிமை பதிவு செய்தார்கள். பூக்காரி ஒருத்தி வாயால் நீரை ஊதிப் பூக்களின் மேல் தெளித்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, தத்துவம் அதுதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். நல்ல இழுவை வேண்டுமானால் 12, 13 பங்கு. பெட்ரோல் மிஞ்சினால் பட்டறையில் 'ரிச்' என்பார்கள், குறைந்தால் 'லீன்'. ரிச்சானால் புகையும், பிளக் கறுக்கும், பணம் போகும். லீனானால் சூடு ஏறும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்த டூ-ஸ்ட்ரோக்கில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. அப்போது போவது பணம் மட்டும் அல்ல.

இந்தப் பெட்ரோலை அளந்து விடுவது ஒரே துவாரம் அல்ல. பலர் சேர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதும் சற்றே திறந்திருக்கும்போதும் பைலட் ஜெட்டின் ஆட்சி. கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டுக்கு அதிகாரம். கால் முதல் முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். இந்த எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும் என்றாலும், கணக்கு இதுதான். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதல்ல, பிடி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கேள்வி. பிடியில் ஒரு காகித நாடாவை ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால், தயக்கம் எந்த இடத்தில் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நம் பையனுடைய வண்டி தயங்கியது லேசாகத் திறந்த இடத்தில். ஐந்து முறை மாற்றியதோ மெயின் ஜெட்! பல்வலி என்று வந்தவனுக்கு ஐந்து தடவை செருப்பை மாற்றிக் கொடுத்தது போல இல்லையா இது?

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர், விழுந்த வண்டியை ஏற்றிவந்த லாரிக்காரர் அழைத்துவந்த ஒரு கிழவர். பம்பு செட்டு ரிப்பேர் செய்கிறவர். அவர் ஜெட்டைத் தொடவே இல்லை. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரைக் கழற்றி, வெயிலில் பிடித்து விரலால் வளைத்தார். அடிப்பக்கத்தில் அரை அங்குல விரிசல் வாய் திறந்தது. அந்த வழியாக, எந்த ஜெட்டின் கணக்கிலும் வராத கள்ளக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதுதான் எஞ்சின் பலமாக உறிஞ்சும். கள்ளக் காற்றின் பங்கும் அப்போதுதான் அதிகம். இரைச்சல் அடங்காமல் நின்றதற்கு அர்த்தம் அதுவே. வண்டி வாயைத் திறந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாம் அதற்கு ஜெட் மாற்றிக்கொண்டிருந்தோம்.

ரப்பர் ஏன் விரிந்தது? கிழவர் கைகாட்டினார். பழைய ஃபில்டர் பெட்டி காற்றை மட்டும் வடிகட்டவில்லை. கார்புரேட்டரின் பின்பக்கத்தைத் தாங்கியும் கொண்டிருந்தது. பெட்டி போனபின் அதன் எடை முழுவதும் அந்த ரப்பரில் தொங்கியது. காட்டுப் பாதையின் குலுக்கல் மற்றதைச் செய்தது. கழற்றி எறிகிற பொருளுக்கு என்னென்ன வேலை என்று கேட்காமல் எறிந்ததன் பலன் இது. பெரிய மெயின் ஜெட் அந்த நோயை ஏற்றத்தில் கொஞ்சம் மறைத்தது. இறக்கத்தில் மறைக்க முடியவில்லை.

அனுபவசாலிகள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள். "காதால் கேட்டே நாங்கள் சொல்லிவிடுவோம், முப்பது வருஷப் பழக்கம்" என்பார்கள். அந்தக் காதை நான் மதிக்கிறேன். கிழவரின் காதும் முப்பது வருஷக் காதுதான். ஆனால் அவர் காது சந்தேகத்தை எழுப்பியது. தீர்ப்பை விரலிடம் விட்டது. மற்றவர்களின் காது விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு நாம் 'கைராசி' என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறோம். சோதிக்க வழியில்லை என்றால் கைராசியை நம்பலாம். இங்கே வழி இருக்கிறது. வண்டி தயங்கும் இடத்தில் சோக்கைச் சற்று இழுத்துப் பாருங்கள்: தெளிந்தால் பெட்ரோல் பற்றாக்குறை, மோசமானால் பெட்ரோல் மிகுதி. ஒரு காசு செலவில்லை.

இன்னொரு கூட்டம் பிளக்கின் நிறத்தை வேதவாக்காகக் கொண்டிருக்கிறது. காப்பிப்பொடி நிறம் என்றால் சரி என்பது தாத்தா காலத்துப் பாடம். அந்தப் பாடம் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. நம் நாட்டில் 2000-இல் அது போய்விட்டது. இப்போதைய பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் நிறம் காட்டாது. அதுமட்டுமா? 2025-க்குள் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை ஏறிவிட்டது. எத்தனாலுக்கு எடைக் கணக்கில் 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டின் வழியாக இன்றைய பெட்ரோல் போனால் கலவை சற்று லீனாகும். பழங்காலத்து ரப்பர்களுக்கும் அது ஆகாது. இதையெல்லாம் உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளக் கார்புரேட்டருக்கு மூளை இல்லை. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சின்ன ஜெட் போட்டுச் சரிசெய்த வண்டியை மறுநாள் மேட்டுப்பாளையத்தில் முறுக்கினால் லீன்தான். மூளையாக இருக்க வேண்டியவன் வண்டிக்காரன். அவனோ நம்பரை மனப்பாடம் செய்கிறான். அந்த நம்பராவது எங்கும் ஒன்றாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் 100-ம் மற்றொன்றின் 100-ம் ஒரே அளவு அல்ல. துவாரத்தின் விட்டம் பத்து சதவீதம் கூடினால் பரப்பு இருபத்தொரு சதவீதம் கூடுகிறது. அடைப்பு எடுக்கிறேன் என்று இரும்புக் கம்பியை விடுகிறவர், ஜெட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணையே பொய்யாக்குகிறார்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? புதுசாக இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்கிவிட்டால் போயிற்று" என்கிறவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் மேல் நம் வீட்டுப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்புரேட்டர் தெரிந்த கைகள் குறையக் குறைய, ஊகம் சொல்லும் வாய்கள் பெருகுகின்றன. அபாயம் முன்னைவிட இப்போதுதான் அதிகம்.

ஆகையால் ஜெட்டை வாங்க ஓடுமுன் செய்ய வேண்டியவை இவை. முதலில் ரப்பரிலும் கேஸ்கட்டிலும் காற்றுக் கசிவு உண்டா என்று பாருங்கள். பிறகு டேங்கிலிருந்து பெட்ரோல் தடையின்றி வருகிறதா, மிதவை சரியான மட்டத்தில் நிற்கிறதா, ஃபில்டர் சுத்தமா, பிளக்கில் நல்ல பொறி வருகிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரி என்றால்தான் ஜெட்டின் முறை. அப்போதும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றியதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால் ரிச்சான பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறுகச் சிறுகக் குறையுங்கள்.

பையனுக்கு எலும்பு கூடிவிட்டது. சென்ற வாரம் போயிருந்தபோது பழைய ஃபில்டர் பெட்டியை எங்கேயோ தேடி வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அவனுடைய நண்பன் ஒருவன் வாசலில் நின்று, "டேய், இன்னும் ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டால் பறக்கும்டா" என்றான். பையன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"முதலில் ரப்பரைப் பார்த்தாயா?" என்று அவனே கேட்டான்.